பாழ் நிலம் பார்க்க வந்தவர்

அன்று காலையும் இலையில் மரச்சீனிக் கிழங்கு விழுந்தது. ஆறுமுகநயினாருக்குக் காது சிவந்தது. கோபம் வந்தால் அவருக்கு முதலில் காதுதான்.

"ஏட்டி, இது வீடா, கிழங்குக் கிட்டங்கியா?"

"நம்ம நிலத்துல விளைஞ்சது. தின்னுங்க," என்றாள் பாகீரதி.

நம்ம நிலம் என்றது அவள் நிலம். விழிஞ்ஞம் போகிற வழியில் அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நயினாருடைய நிலம். அதில் மாடிவீடு கட்டப்போகிறார். ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருந்த நாளிலிருந்து கட்டிக்கொண்டுதான் இருக்கிறார், வாயால்.

கிழங்கை ஒழிக்க அந்த வாரமே வழி கிடைத்தது. காட்டாமணக்கு விதையிலிருந்து டீசல் எடுக்க ஒரு கம்பெனி நிலம் தேடியது. பத்து வருஷக் குத்தகை. நிபந்தனை ஒன்றுதான்: சாப்பாட்டுப் பயிர் விளையாத பாழ் நிலமாக இருக்க வேண்டும். பாகீரதி நிலத்தை மனசில் வைத்து நயினார் போன் போட்டுவிட்டார்.

நிலம் பார்க்க ஸ்ரீஜித் என்ற அதிகாரி வந்தார். பாகீரதி முந்தின நாள்தான் கிழங்கையெல்லாம் பிடுங்கியிருந்தாள். நிலம் வெறுமையாகக் கிடந்தது. மண்டியில் சரக்கை மட்டம் சொல்லிப் பழகிய வாய். நயினார் வேலியோரம் நின்று பொரிந்து தள்ளினார்.

"இது நிலமே இல்லை சாரே. புல்லுகூட முளைக்க யோசிக்கும். ஆடு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போகும். இதையும் ஒரு நிலம்னு தலையில கட்டினாங்க பாருங்க, அவங்களைச் சொல்லணும்."

பாகீரதி சண்டைக்கு வரவில்லை. தலையை ஆட்டினாள். அது அவருக்கு இன்னும் எரிந்தது.

ஸ்ரீஜித் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினார். ஈரமண் பொலபொலவென்று வந்தது. கூடவே விட்டுப்போன கிழங்கு ஒன்று.

"இது ஒண்ணாந்தரம் மண்ணாக்கும். இதில காட்டாமணக்கு வைக்கக் கூடாது கேட்டோ. நீங்க சொன்ன நிலம் எங்கே?"

நயினார் வாயைத் திறப்பதற்குள் பாகீரதி வேலிப்படலைத் திறந்துவிட்டாள்.

"அந்தப் பக்கம் சாரே. சொந்த நிலத்தைக் காட்ட அவருக்கு வெட்கம். அதான் எட்டி நின்னே சொன்னார்."

அங்கே மண்வெட்டி பாறையில் 'ணங்' என்றது. அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"நீங்க சொன்னது அத்தனையும் சத்தியம்."

"தென்னை நிக்குதே, கண்ணு தெரியலையா?" நயினார் கத்தினார்.

"காய்ச்சதுண்டா?"

நயினார் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"ஓலை உண்டு," என்றாள் அவள்.

மறுத்தால், இவ்வளவு நேரம் மாமனார் நிலத்தைப் பற்றிப் பொய் சொன்னதாக ஆகும். மண்டிக்காரர் பேச்சு மாறலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மாடிவீடு பத்து வருஷம் தள்ளிப்போனது.

திரும்பும் பஸ்ஸில் உறுமினார்: "திருப்திதானே உனக்கு?"

"கோபப்படாதீங்க. கன்னுகளைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்னாங்க. உங்க பேரைச் சொன்னேன். எல்லா வேலையும் வாயாலதான்னு உங்க குணத்தையும் சொன்னேன். பரவாயில்லையாம், காட்டாமணக்கு யாரும் பார்க்கலைன்னாலும் வளருமாம்."