கீச்சான் அண்ணன் தேய்த்த பாட்டு

நேராக ஓடுகிற பாட்டைப் பிடித்து ரிவர்ஸில் எடுக்கத் தெரிந்த மனிதர், கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகத் தேடினாலும் ஒருவர்தான் இருந்தார். மரக்காணத்தில் மைக் செட் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்திருக்கும். வலையிலிருந்து எடுக்கும்போது கீச்கீச்சென்று கத்துமே ஒரு மீன், அதன் பெயரைத்தான் ஊர் அவருக்கு வைத்தது: கீச்சான்.

அவர் கடைக்கு அடுத்தது என் எஸ்.டி.டி. பூத். கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த வருஷம் அது. குப்பங்களில் யாருக்கும் ஸ்பீக்கர் கட்டிக் கொண்டாட மனசில்லை. வேலையில்லாத அண்ணன், எதிரே தெரியும் உப்பளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். உச்சி வெயிலில் அந்த வெள்ளை தரையை விட்டு அரை அடி மேலே மிதக்கும். பார்க்கிறவர்களுக்குக் கண் செருகும்.

அப்படி இருந்தவர், குயிலாப்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வைத்த விருந்துக்கு ஜெனரேட்டர் கொண்டுபோனார். திரும்பி வந்தது வேறு ஆள்.

"ஏம்பா, அங்க ஒருத்தன் ஓடுற ரெக்கார்டு மேல கைய வெக்கிறான். முன்ன தள்றான், பின்ன இழுக்கறான். கீச்சு கீச்சுனு கத்துது. நானு இத்தன வருஷமா, ரெக்கார்ட தொட்டா கைய ஒடைப்பேன்னு சொல்லிட்டிருக்கேன். அங்க என்னடான்னா தொட்டதுக்கு கை தட்றாங்க!"

"அதுக்கு இப்ப என்னாண்ணே?"

"நானும் தொடப் போறேன்."

முதலில் தன் பழைய ரெக்கார்டு பெட்டியைத்தான் தொட்டார். அதில் மோட்டார் ஒரு மூலையில், தட்டு ஒரு மூலையில், நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். கையை வைத்ததும் தட்டு நின்றது. கையை எடுத்த பிறகும் யோசனை செய்துகொண்டே நின்றது. இரண்டாவது தடவை பெல்ட்டே அறுந்தது.

மறுபடி குயிலாப்பாளையம் போனார். துணைக்கு நான். தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு தாடிக்காரர் வீட்டில் இரண்டு ரெக்கார்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று பளபளவென்று புதுசு. இன்னொன்று நசுங்கல். அண்ணன் பெண் பார்க்க வந்தவர் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பளபளப்பைச் சுற்றவிட்டு விரலை வைத்தார். தயங்கியது. "பெல்ட்டு" என்றார், ஜாதகம் பொருந்தாத குரலில். நசுங்கலை அமுக்கிப் பிடித்து விட்டார். விட்ட கணமே பழைய வேகத்தில் சுற்றியது. தட்டுக்கு நேர் அடியிலேயே மோட்டார்.

"இதாம்பா. கோவமே வராத மிஷினு."

தாடிக்காரருக்குப் பதிலுக்கு என்ன வேண்டுமாம்? அண்ணனுடைய கூம்பு ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அதற்குள் பல்பு போட்டு ஊரில் வீட்டுக் கூரையில் தொங்கவிடப் போகிறாராம். இரண்டு பேரும் எதிராளியைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கை குலுக்கினார்கள்.

மிஷின் வந்தது. கூடவே, சத்தத்தைத் திறந்து மூட குறுக்கே நகரும் சின்னப் பிடி வைத்த ஒரு பெட்டியும். ஆனால் தட்டு கீழே சுற்றச் சுற்ற, மேலே ரெக்கார்டு மட்டும் கைக்கு அடங்கி வழுக்க வேண்டும். அதற்கு நடுவில் ஒரு துணி வேண்டும். கோணி பிடித்துக்கொண்டது. பாலிதீன் சுருங்கியது. மூன்றாம் நாள் அழகாக வழுக்கியது. அப்போது சாப்பாடு கொண்டுவந்த அமுதா அண்ணி குனிந்து பார்த்தார்.

"இந்தாங்க, சுத்துறது என் பட்டு ஜாக்கெட் துணியா?"

"இன்னும் தைக்கலையே அமுதா…"

"இனிமே எங்க தைக்கிறது? வட்டமா இல்ல வெட்டிட்டீங்க!"

பிறகு பயிற்சி. இடது கை ரெக்கார்டைத் தேய்க்க, வலது கை பிடியைத் தட்ட, இரண்டும் ஒன்றுக்கொன்று பேச வேண்டும். என் பூத்திலிருந்து துபாய்க்குப் பேசியவர்கள் எல்லாம், "லைன்ல பெருச்சாளி பூந்துடுச்சு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். மிஷின் இல்லாத இடத்திலும் அண்ணன் கை நிற்காது. டீக்கடையில் சாஸரைத் தேய்ப்பார். கோயிலில் தட்டை வாங்கி முன்னும் பின்னும் ஆட்டப்போக, பூசாரி கற்பூரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். உப்புக் காற்றில் ஊசி துருப்பிடிக்கும் என்று மிஷினைக் கொசுவலைக்குள் படுக்க வைத்துவிட்டு, புருஷனும் பொண்டாட்டியும் வெளியே கொசுக்கடியில் படுத்தார்கள்.

சில மத்தியானங்களில் உப்பள வரப்பில் கண்ணை மூடி நிற்பார். பாத்தியில் பெண்கள் பலகையால் உப்பை இழுக்கும் சத்தம் சர்ர்… சர்… என்று வரும். தூக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அண்ணன் விரல்கள் காற்றில் கூடவே போகும். அப்போது கூப்பிட்டால் காதில் விழாது. கூப்பிடவும் தோன்றாது.

கடைசியில் அண்ணி தீர்ப்பு சொல்லிவிட்டார். "ஒரே ஒரு விசேஷத்துல போட்டுக் காட்டுங்க. நல்லா இருக்குதுன்னு நாலு பேரு சொன்னா மிஷின் வீட்ல இருக்கட்டும். இல்லன்னா நானே கொண்டுபோய் யார்கிட்டயாவது குடுத்துடுவேன்."

பெருமுக்கல் மலையடியில் ஒரு காதுகுத்து. காலை நேரம். நானும் கூடப் போயிருந்தேன். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, மிஷினைக் கும்பிட்டுவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். உடனே ஒரு தாய்மாமன் ஓடிவந்தார். "ரெக்கார்டு மாட்டிக்கிச்சு பாரு" என்று உதவியாக ஊசியைத் தூக்கி வைத்தார். அண்ணன் மறுபடி தேய்த்தார். இன்னொரு மாமன் வந்து மிஷின் மண்டையில் இரண்டு தட்டு தட்டினார். மூன்றாமவர் எதற்கு வம்பு என்று ஒயரையே பிடுங்கினார். அண்ணன் கை ரெக்கார்டு மேலேயே இருந்தது. முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

அந்த அமைதியில் மூத்த மாமன் மடியிலிருந்த குழந்தை வீரிட்டது. காதுகுத்த வந்த ஆசாரி ஊசியும் கையுமாகத் திரும்பிக் கத்தினார்: "யாருய்யா அத நிறுத்தினது? அது கத்துறவரைக்கும் புள்ள சிரிச்சுக்கினு இருந்துச்சுய்யா!"

ஒயர் ஓட்டமாக ஓடிப்போய்ப் பிளக்கில் ஏறியது. கீச்… கீச்சுகீச்சு. குழந்தை வாயை மூடியது. கண்ணை அகல விரித்தது. சிரித்தது. அண்ணன் இழுத்தால் குழந்தை தலையைச் சாய்க்கும், தள்ளினால் கெக்கலிக்கும். ஒரு காது முடிந்தது. மறு காதும் முடிந்தது. அம்மாக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, இன்னும் கொஞ்சம் போடுங்கண்ணா" என்றாள்.

திரும்பி வரும் வேனில் அண்ணி அந்த நாலு பேரை விரல் விட்டு எண்ணினார். "மாமனுங்க மூணு பேரும் ரிப்பேருன்னாங்க. ஆசாரி நல்லா இருக்குதுன்னு சொல்லல, நிறுத்தாதன்னுதான் சொன்னாரு. கொழந்தைக்குப் பேச்சே வரல." பிறகு மடியிலிருந்த மிஷின்மேல் முந்தானையைப் போர்த்தினார். "தூசி வருது, ஜன்னல மூடுங்க."

அதோடு சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து என்றாலே கீச்சானைக் கூப்பிடு என்றாகிவிட்டது.

ஆளுக்கொரு செல்போன் வந்ததும் என் பூத் படுத்தது. மெட்ராஸில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று மத்தியானம் பெட்டியோடு சாலையோரம் நின்றேன். கீழே வரப்பில் அண்ணன் பேட்டரியில் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணி குடை பிடித்திருந்தார், மிஷினுக்கு. பாத்தியில் இருந்த பெண்கள் பலகையை ஊன்றி நின்று கேட்டார்கள். வெயிலில் எல்லோரும் தரையைத் தொடாமல் நிற்பதுபோல இருந்தது.

அவர் தேய்த்ததில் எனக்கு அன்றைக்கும் ஒன்றும் புரியவில்லை. மெட்ராஸ் பஸ் வந்து நின்று, ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. அடுத்ததும் போனது. நான் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன்.