வேகச் சித்தரும் பக்கத்து வரிசைக் கோழிகளும்

எருமப்பட்டியில் சாமிகளுக்குப் பஞ்சமே கிடையாது. காய்ச்சலுக்கு ஒரு சாமி, கல்யாணத்துக்கு ஒரு சாமி, லாரி கவிழாமல் இருக்க ஒரு சாமி, போர்வெல்லில் தண்ணீர் பீறிட ஒரு சாமி என்று இலாகா பிரித்து வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் இலாகா மட்டும் காலியாகக் கிடந்தது. போன மாசியில் அதற்கும் ஆள் வந்துவிட்டார். சந்தைக்குப் பின்னால் தீவன மூட்டை அடுக்கியிருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்துவிட்டு வேகச் சித்தர் வந்து உட்கார்ந்தார்.

செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் தாங்காது. மொபட்டில் கால் வைக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் பெட்டி வரும். டவுன் பஸ்ஸில் கைப்பிள்ளை மாதிரி மடியில் உட்கார்ந்து பெட்டி வரும். கெங்கவல்லியிலிருந்து ஒருவர் தன் பெட்டிக்குச் சந்தனம் பூசி, சாமந்தி மாலை போட்டு ஆட்டோவில் அழைத்து வந்தார். அந்த மரியாதையைப் பெற்ற அம்மாவுக்குச் செய்திருந்தால் கிழவி இன்னும் பத்து வருஷம் கூடுதலாக இருந்திருப்பாள்.

சித்தரின் அருள் எளிமையானது. வீட்டில் பிள்ளைகள் ஆடும் கம்ப்யூட்டர் ஆட்டம் திக்கித் திக்கி ஓடுகிறதா? எதிரி சுட்ட பிறகுதான் எதிரி வந்ததே திரையில் தெரிகிறதா? பெட்டியைக் கொண்டு வா. பெட்டி கறுப்புத் திரைக்குப் பின்னால் போகும். உள்ளே கால் மணி நேரம் மணி அடிக்கும், உடுக்கை அடிக்கும், சாம்பிராணி புகையும். திரும்பி வரும்போது பெட்டிக்கு மஞ்சள் துணி சுற்றி, செப்புத் தகடு வைத்த தாயத்து கட்டியிருக்கும். மேடையில் ஒரு பெரிய டிவி. அதில் பெட்டியை மாட்டிக் காட்டுவார்கள். போகும்போது மூன்று புள்ளி ஆறு என்று இருந்த வேகம், வரும்போது நாலு புள்ளி ஆறு! பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டை விட்டவர்களும் மூன்றைவிட நாலு பெரியது என்று கண்டுபிடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சில பெட்டிகளுக்கு மட்டும் ஏறாது. பெட்டிக்கு மூளை மாதிரி இருக்கும் சில்லுகளில், வேகத்தை மாற்ற முடியாதபடி தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்புபவையும் உண்டு. சித்தர் அதற்குப் பூர்வஜென்மப் பாவம் என்று பெயர் வைத்திருந்தார். போன ஜென்மத்தில் அந்தப் பெட்டி எந்த வீட்டில் என்ன செய்ததோ, யார் கண்டார்கள்.

நிபந்தனை இரண்டே இரண்டு. நாற்பத்தெட்டு நாளைக்குத் துணியை அவிழ்க்கக் கூடாது. தாயத்தைத் தொட்டால் அந்த நொடியே வேகம் இறங்கிவிடும். அடுத்தது, பெட்டி இருக்கும் வீட்டில் முட்டை அவிக்கக் கூடாது.

இந்த இரண்டாவது நிபந்தனையைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். சுற்றிலும் எட்டுத் திசைக்கும் கோழிப்பண்ணை. லாரி லாரியாக முட்டை போகிறது. விரிசல் விட்ட முட்டையைப் பண்ணையில் சும்மாவே கொடுத்து விடுகிறார்கள். இந்த ஊரில் முட்டை அவிக்காத வீடு பூட்டிய வீடு மட்டும்தான். ஆக, பெட்டி எப்போது நின்று போனாலும் குற்றம் வீட்டு அடுப்பில் இருக்கும். சித்தர் யோசிக்கத் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சித்தரிடம் அப்படிப் பெட்டியோடு போனவர்களில் பொன்னாயியும் ஒருத்தி. பதினேழு வருஷமாக முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை. விடிந்தால் தீவனம், வெயில் ஏறினால் முட்டை பொறுக்கல், சாயங்காலம் இடுப்பு வலி. மகள் அபிநயா நாமக்கல்லில் கல்லூரிக் கடைசி வருஷம். ஐந்து பேர் கொண்ட அணியில் கம்ப்யூட்டர் ஆட்டம் ஆடுகிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாநில அளவில் முதல் சுற்று. அவரவர் வீட்டிலிருந்தே ஆட வேண்டும். ஆனால் அபிநயாவின் பெட்டி திணறியது.

"நானே வேகத்தக் கூட்டிக்கறேன்மா. படிப்படியா ஏத்தோணும், சூடு பாத்துக்கோணும். படிச்சு வெச்சிருக்கறேன்" என்றாள் மகள்.

"வெச்சிருக்கறது ஒரே பொட்டி. கெட்டுப் போச்சுன்னா ஆரு பாக்கறது?" என்றாள் தாய்.

படித்த மகள் தொட்டால் கெட்டுப் போகும் என்று பயந்தவள், செவ்வாய்க்கிழமை மகள் கல்லூரிக்குப் போன நேரம் பார்த்து, உடுக்கை அடிப்பவரிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதில் அவளுக்குப் பயமே இல்லை.

அன்று சாயங்காலம் ஆட்டம் பறந்தது. அபிநயா மஞ்சள் துணியை அவிழ்க்கப் போனாள்; பொன்னாயி விடவில்லை. பொன்னாயிக்குத் தாங்க முடியாத பெருமை. பத்து நிமிஷம்தான் அந்தப் பெருமை. பொட்டென்று திரை கறுத்தது.

புதன்கிழமை மூன்று தரம் நின்றது. வியாழக்கிழமை சாயங்காலம் பயிற்சி ஆட்டத்தில் மறுபடியும் நின்றது. அணித் தலைவன் இனியன், சேலத்துப் பையன், போனில் பொறுமையாகத்தான் சொன்னான்: "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு அபி. இல்லாட்டி ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளப் போடோணும். தப்பா நெனைக்காத."

அபிநயா போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்மா, முட்டை கிட்டை அவிச்சியா?"

"ரெண்டே ரெண்டு" என்றாள் பொன்னாயி. "அதும் சிறுசு."

மகளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பொன்னாயி குற்றவாளியைப் போலப் பெட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி மஞ்சள் துணிமேல் கையை வைத்தாள். வைத்த கையை வெடுக்கென்று எடுத்தாள்.

அந்தச் சூடு அவளுக்குத் தெரிந்த சூடு. சித்திரை மத்தியானம் பண்ணையில் கரண்ட் போய் ஃபேன் நின்றால், வாயைப் பிளந்துகொண்டு விழும் கோழியின் உடம்பில் இருக்கும் சூடு.

"கண்ணு, இதுக்குக் காத்து எந்தப் பக்கமா போகுது?"

"முன்னாடி பூந்து பின்னாடி வரோணும். ரெண்டு பக்கமும் உன்ற சித்தரு துணியச் சுத்தி வெச்சிருக்காரே."

"கொட்டாய்க்குப் படுதாவ எறக்கி உட்டுட்டு உள்ள கோழிய ஓடச் சொன்னாப்புல இருக்குது."

அபிநயா திரையில் ஒரு எண்ணைக் காட்டினாள். சூடு தொண்ணூற்றேழு. நூறைத் தொட்டால் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடுமாம். பொன்னாயி முடிச்சில் கை வைத்தாள். சித்தர் சாபம் லேசானதா? "கருப்பணா, நீ இதக் கண்டுக்காத" என்று குலசாமியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு துணியையும் தாயத்தையும் அவிழ்த்தாள்.

கண்ணைத் திறந்தபோது வீடு இடிந்திருக்கவில்லை. சூடு எண்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. வேகம்? நாலு புள்ளி ஆறு. அப்படியே நின்றது.

பொன்னாயி தாயத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பண்ணைக்காரி புத்தி மெதுவாக வேலை செய்ய ஆரம்பித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பண்ணைக்கு ஒரு டானிக்காரன் வந்தான். தண்ணீரில் கலந்தால் நூறு கோழிக்குப் பத்து முட்டை கூடும் என்றான். முதலாளி மறுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. "பொன்னாயி, இந்த வரிசைக்கு ஊத்து. பக்கத்து வரிசைக்கு ஊத்தாத. பத்து நாளைக்கு ரெண்டையும் எண்ணிச் சொல்லு" என்றார். அவள்தான் எண்ணினாள். இரண்டு வரிசையும் ஒரே மாதிரி இட்டன. டானிக்காரன் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. புதுத் தீவனமோ புது மருந்தோ, பண்ணையில் எது வந்தாலும் இதுதான் முறை. பதினேழு வருஷமாகக் கோழிக்குச் செய்ததை ஒரு நாளாவது தனக்குச் செய்து பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றியது.

பண்ணைக்கு முட்டை எடுக்க வரும் மொத்த வியாபாரி உசேனின் மகன் நதீமும் அதே அணிதான். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரிப் பெட்டியாக வாங்கியிருந்தார்கள். பக்கத்து வரிசை தயாராக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகையில் எள் போட இடமில்லை. பொன்னாயி தன் பெட்டியை மஞ்சள் துணியோடும் தாயத்தோடும் தூக்கிக்கொண்டு மேடையேறினாள். பின்னால் உசேன் ஒரு பெட்டியோடு வந்தார். அபிநயா கல்லூரிக்கு மட்டம் போட்டிருந்தாள்.

"சாமி, நீங்க கட்டிக் குடுத்த பொட்டி நின்னு நின்னு போவுதுங்க. தாயத்துல சக்தி எறங்கிப் போச்சுங்களா?"

சித்தர் புன்னகைத்தார். "முட்டை அவித்தாயா, தாயே?"

"அவிச்சனுங்க."

கூட்டம் த்சொ த்சொ என்றது. சித்தர் தாயத்தின் மேல் கை வைத்துக் கண்ணை மூடினார். உடம்பு சிலிர்த்தது. "சக்தி எங்கேயும் போகவில்லை. தகடு இதோ என் கையில் துடிக்கிறது. மாட்டுங்கள் டிவியில்!"

மாட்டினார்கள். நாலு புள்ளி ஆறு. கூட்டம் கைதட்டியது.

"நல்லாத் துடிக்குதுங்களா சாமி?"

"கோழிக்குஞ்சின் நெஞ்சு மாதிரித் துடிக்கிறது."

பொன்னாயி தாயத்தைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். நாலாக மடித்த முட்டை அட்டைத் துண்டு. சாம்பல் நிறத்தில், ஓரத்தில் ஒரு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தகட்ட நேத்தே எடுத்துட்டனுங்க. அது பாய் பொட்டியில இருக்குது. பாய், நீங்க மாட்டுங்க."

உசேன் தன் பெட்டிக்குக் கட்டியிருந்த முடிச்சைப் பிரித்து, அசல் செப்புத் தகட்டை எல்லோருக்கும் காட்டிவிட்டு டிவியில் மாட்டினார். மூன்று புள்ளி ஆறு. செப்புத் தகடு அசையாமல் கிடந்தது. அதற்குத் துடிக்கத் தெரியவில்லை.

கூட்டம் டிவியைப் பார்த்தது, தகட்டைப் பார்த்தது, சித்தரைப் பார்த்தது.

"சக்தி... அன்றைக்கே பெட்டிக்குள் இறங்கிவிட்டது" என்றார் சித்தர்.

"அப்பறம் தாயத்து எதுக்குங்க?" என்றார் உசேன். "முட்டை அட்டையே போதும்னா சொல்லுங்க, நம்ம கடையில வேண்டிய மட்டும் கெடக்குது."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மஞ்சள் துணி சுற்றி வந்தவர்கள் தங்கள் பெட்டியைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்குள் அபிநயா தன் பெட்டியை டிவியில் மாட்டி, அணைத்து மறுபடி போட்டாள். பெட்டி கண் விழிக்கும் நேரத்தில் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தாள். திரையில் நீல நிறத்தில் ஒரு பக்கம் விரிந்தது.

"இதான் சாமி எறங்கற எடம்" என்றாள். "இங்க முப்பத்தாறுன்னு போட்டா வேகம் மூணு புள்ளி ஆறு. அத நாப்பத்தாறுன்னு அடிச்சு வெச்சிருக்காரு. பாருங்க, மாத்தறேன்." மாற்றினாள். மூன்று புள்ளி ஆறு. பழையபடி அடித்தாள். நாலு புள்ளி ஆறு. உடுக்கை இல்லை, சாம்பிராணி இல்லை. "இதோட நிக்கல. ஒரேயடியா ஏத்தினதுனால பெட்டி தாங்காதுன்னு மின்சாரத்தையும் கண்ணு மண்ணு தெரியாம ஏத்தி உட்டிருக்காரு. அதுக்கு மேல துணி. இப்பிடியே ஓட்டினா சில்லு சீக்கிரமே போயிரும்."

மின்சாரம் என்றதும் பொன்னாயிக்கு முழுசாகப் புரிந்துவிட்டது.

"ஏனுங்க சாமி, பொட்டைக் கோழிய முட்டைக்குக் கொண்டு வாரதுக்கு நாங்களுந்தான் பொழுது போனதும் வெளக்குப் போடறோம், வெளிச்சம் கூடினா முட்டை வரும். வாரத்துக்குக் கால் மணி நேரம், அரை மணி நேரமாத்தான் கூட்டுவோம். ஒரே நாள்ல பதினாறு மணி நேரம் வெளக்கப் போட்டா முட்டையோட குடலும் வெளிய வந்துருமுங்க. கோழிக்குத் தெரியற நாயம் உங்களுக்குத் தெரியலீங்களா?"

சித்தரின் முகத்திலிருந்து தெய்வக்களை இறங்கியது. செந்தமிழும் கூடவே இறங்கிவிட்டது. "அக்கா, மெதுவாப் பேசுக்கா" என்றார். "சேலத்துல செல்போன் ரிப்பேர்க் கடை வெச்சிருந்தேன். கலையரசன்னு பேரு. இதே வேலைய நூறு ரூபாய்க்குப் பண்றேன்னு போர்டு எழுதிப் போட்டேன். ஒரு ஈ காக்கா வல்ல. தாடி வளத்தேன், கொட்டாய் பத்தல. நான் என்னக்கா பண்றது?"

அந்தக் கொட்டகையில் சித்தர் பேசிய உண்மை அது ஒன்றுதான். கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது, கொஞ்ச நேரத்துக்குத்தான். அப்புறம் காணிக்கையைத் திருப்பிக் கேட்க முண்டியடித்தது.

அன்று மத்தியானமே அபிநயா பெட்டியைத் திறந்தாள். ஃபேனுக்குள்ளிருந்து அரைக் கைப்பிடி விபூதி வந்தது. பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தாள். எல்லாவற்றையும் வாங்கியபோது இருந்த கணக்குக்கே கொண்டு வந்துவிட்டு, முப்பத்தேழு என்று ஒரு படி ஏற்றினாள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடு பார்த்தாள். முப்பத்தெட்டு. மறுபடி அரை மணி. பொன்னாயி பக்கத்தில் உட்கார்ந்து, தீவன நோட்டில் எழுதுகிற மாதிரி வேகத்தையும் சூட்டையும் பழைய காலண்டர் பின்னால் எழுதிக்கொண்டே வந்தாள். நாற்பத்தொன்றில் பெட்டி ஒரு தரம் உறைந்து நின்றது.

"அது போதுங்குது கண்ணு. கேளு."

நாற்பதுக்கு இறக்கினாள். சூடு எழுபத்தெட்டு. மின்சாரத்தைத் தொடவே இல்லை. சாயங்காலம் இனியனுக்குப் போன் போட்டு இரண்டு மணி நேரம் இடைவிடாமல் ஆடிக் காட்டினாள். "வேற ஆளு வேண்டாம்" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி ஐந்து மணி நேரம் நிற்காமல் ஓடியது. முதல் சுற்றில் தேறினார்கள். மறுவாரம் அடுத்த சுற்றில் தோற்றார்கள். குறை சொல்லத் தாயத்தும் இல்லை, அவித்த முட்டையும் இல்லை. ஐந்து பேரும் அவரவர் விரலைக் குறை சொல்லிக்கொண்டார்கள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஊர் முடிய விடவில்லை. அந்த வாரமே பொன்னாயி பண்ணையிலிருந்து வந்தபோது வாசலில் ஏழெட்டுப் பேர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் அதே தெரு வசந்தாமணி, தட்டில் எலுமிச்சம்பழம், வெற்றிலை பாக்கு. பெட்டிக்கு அதே மஞ்சள் துணி.

"பொன்னாயி, அந்தாளு ஃபிராடு. உன்ற கைராசிதான் நெசம். ஒரு முட்டை அட்டையத் தொட்டுக் கட்டி உடு சாமி."

பொன்னாயி தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். நாள் முழுக்க வெயில், சாறு குடிக்கலாம். துணியை உருவி வசந்தாமணி கையில் கொடுத்தாள்.

"பொட்டியில இருந்தத நான் அவுத்துட்டேன். கண்ணுல கட்டியிருக்கறத நீங்க அவுத்துக்கங்க. ஒன்றரை வருசத்துல கறிக்கடைக்குப் போற கோழிக்கே பக்கத்து வரிசைய எண்ணிப் பாத்துட்டுத்தான் தீவனத்த மாத்தறோம். நம்ம தலைக்கு எவன் எதக் கலக்கிக் கொண்டாந்தாலும், எண்ணாமயே வாயத் தொறந்துக்கறோமே. கோழிக்கு இருக்கற மதிப்புக்கூடவா நமக்கு இல்ல?"