மூன்றாம் ஓலைக்கு முன் மோட்டார் இழுத்த வண்டி

பாளையங்கோட்டை,
1913 ஆகஸ்டு 14, வியாழன்.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மைத்துனர் நேசையா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கச்சேரிக் குமாஸ்தா பாக்கியசீலன் அநேக ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொண்டது. நானும் தங்கள் தங்கை பாக்கியவதியும் மகள் சாலோமியும் ஆண்டவர் கிருபையால் சுகமே இருக்கிறோம். அங்கே தாங்களும் வீட்டாரும், காளைகள் இரண்டும் உட்பட, அவ்வாறே இருக்க ஜெபிக்கிறோம்.

அத்தான், ஜெயித்துவிட்டேன்! மரியாதையாக ஆரம்பித்த கடிதத்தை இப்படிப் போட்டு உடைத்ததற்கு மன்னிக்கவும், என்னால் அடக்க முடியவில்லை. சாலோமிக்கும் தங்கள் குமாரன் கிருபைராஜுக்கும் கலியாணம் என்று சாத்தான்குளம் கோயிலில் இரண்டாம் முறையாக ஓலை வாசித்து, தடையுண்டா என்று சபையைக் கேட்ட அன்றைக்கு, பத்துப் பேர் காது கேட்க என்ன சொன்னீர்கள்? "தொரை கழிச்சுப் போட்டு நீரு வாங்குன அந்தப் பழைய மோட்டாரு காரு எதுக்கு வே ஆவும்? என் வண்டியில இருவது சிப்பம் கருப்பட்டி ஏத்தித் தாரேன். ஒண்ணு உடையாம பாளையங்கோட்டைக்கு இழுத்துட்டுப் போவும், பாப்போம். இல்லன்னா மூணாம் ஓலையில எழும்பித் தடை சொல்லுவேன். கிறுக்கன் வீட்டுல பொண்ணெடுக்க மாட்டேன்" என்றீர்கள். அன்று முழுக்கச் சாலோமி பச்சைத் தண்ணீர் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை, கொழும்பு மோட்டார்ப் பட்டறையில் வேலை பார்த்து ஊருக்கு வந்திருந்த மேலப்பாளையம் முகம்மது மைதீனைக் கூட்டிக்கொண்டு மோட்டாரில் தங்கள் கருப்பட்டிக் கிட்டங்கிக்கு வந்தேன். தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உடன்குடிக்குப் போய்விட்டீர்கள், ஆகையால் மேற்கொண்டு நடந்தது தங்களுக்குத் தெரியாது. மைதீன் நுகத்தடியைக் கழற்றிவிட்டு, ஏர்க்கால் நுனியில் ஓர் இரும்பு வளையம் அடித்து, மோட்டாரின் பின்னால் கொக்கி வைத்து மாட்டினார். பக்கத்துக்கு ஒன்றாகச் சங்கிலியும் போடவேண்டும் என்றார். எனக்கு அது அவமானமாகப் பட்டது, வேண்டாம் என்றேன். மோட்டாருக்குப் பாரம் தெரியக்கூடாதே என்று இருபது சிப்பத்தையும் வண்டியின் கடைசியில் அடுக்கச் சொன்னேன். அவ்வளவுதான், பின்பக்கம் இறங்க, ஏர்க்கால் மேலே கிளம்பி மோட்டாரின் பிருஷ்டத்தையே தூக்கிவிட்டது. பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் சுற்றுகிறது, நான் உள்ளே "ஓடுது, ஓடுது" என்று சந்தோஷமாய் ஆரனை அமுக்குகிறேன்!

தாங்கள் சாட்சிக்கு விட்டுப்போன இசக்கியம்மா, கிட்டங்கியில் பாரம் ஏற்றுகிறவள் அல்லவா, தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ ஐயா, எறங்குங்க! பின்பாரமாயிட்டுல்லா! மாடு இழுத்தாலும் மோட்டாரு இழுத்தாலும் கழுத்துல கொஞ்சம் பாரம் உக்காரணும். எட்டுச் சிப்பத்த முன்னால தள்ளுங்க." தள்ளினோம். மோட்டார் தரைக்கு வந்தது, அவளும் சிப்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பன்னம்பாறை தாண்டியதும் மோட்டார் பஞ்சாய்ப் பறந்தது அத்தான்! பாரம் இருப்பதே தெரியவில்லை. எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டே ஒன்றரை மைல் போயிருப்பேன், மைதீன் திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, வண்டியக் காணோம்" என்றார். ஏதோ பள்ளத்தில் கொக்கி துள்ளிக் கழன்றிருக்கிறது. திரும்பிப் போனால், ஏர்க்கால் மண்ணில் குத்திக் கிடக்கிறது, சிப்பத்தின் மேல் இசக்கியம்மா சாவகாசமாய் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறாள். "வந்துட்டீயளா? நாளைக்குத்தான் வருவீயன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

எனக்கு வந்ததே ரோசம்! "மைதீன், இனி என் ஆயுசுக்கும் இது கழலக்கூடாது" என்றேன். சங்கிலியைப் போட்டு மெல்ல இழுத்துப் போய், வழியிலிருந்த ஒரு கொல்லன் உலையில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, வளையத்தையும் கொக்கியையும் சேர்த்துக் கோத்து, இரண்டு தலையையும் தட்டையாக அறைந்தார். "நாம ரெண்டு பேரும் மவுத்தானாலும் இது கழலாது அண்ணாச்சி" என்றார். மனிதர் சொன்ன சொல் தவறவில்லை.

மறுநாள் முனைஞ்சிப்பட்டிக்கு இப்பால் ஓர் ஓடை இறக்கம். அங்கே வண்டி மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போய் ஓடையில் விட்டுவிடும் என்று இசக்கியம்மா முன்னாலேயே இறங்கி, ஒரு பனந்துண்டை வண்டியின் பின்னால் கட்டித் தரையில் இழுபடவிட்டாள். "பைய போங்க ஐயா, பைய" என்று அவள் சொல்லச் சொல்ல, இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு கேட்டேன். நேற்று மத்தியானம் பாளையங்கோட்டைச் சந்தையில் வந்து நின்றோம். ஊரே கூடிவிட்டது! இருபது சிப்பமும் முழுசு. இசக்கியம்மா ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்த்து, "சில்லுகூடப் போவல" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னாள். பாக்கியவதி அழுதாள், சாலோமி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

ஆகையால் அத்தான், ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கும்போது தாங்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது. இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்ளவும். இதை இசக்கியம்மா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தங்களையும் குடும்பத்தையும் ஆண்டவர் ஆசீர்வதித்து, இரண்டு வீட்டையும் ஒன்றாய் நடத்துவாராக.

இப்படிக்கு, ஜெயம் பெற்ற மைத்துனன்,
பாக்கியசீலன்.

பி.கு.: வண்டியைத் திருப்பி அனுப்ப இப்போதுதான் கழற்றப் போனேன். கழலவில்லை. மைதீன் நேற்றுச் சாயங்காலமே கொழும்புக் கப்பலுக்குப் போய்விட்டார். இந்த ஊர் ஆசாரிகள் மூன்று பேர் பார்த்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மோட்டாரைப் பின்னால் தள்ளினால் வண்டி தன் இஷ்டத்துக்குக் குறுக்கே திரும்புகிறது. அப்படித் திரும்பி, இரண்டும் எங்கள் வீட்டுக்கு எதிரே கோயில் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பெட்ரோலும் தீர்ந்துவிட்டது. குருவானவர் ஏறிக் குதித்து வந்து, கலியாணப் பிரசங்கத்துக்கு நல்ல உதாரணம் என்று சிரிக்கிறார். தயவுசெய்து காளைகளை ஓட்டிக்கொண்டு சனிக்கிழமையே வரவும். வருகிற கோபத்தில் தாங்கள் தடை சொல்லிவிடுவீர்களோ என்று நான் நடுங்குகிறேன், சாலோமிக்குப் பயமே இல்லை. "மாமா முதல்ல அந்த வண்டிய மோட்டார்லருந்து பிரிச்சுக் காட்டட்டும்ப்பா, பொறவு எங்களப் பிரிக்கட்டும்" என்கிறாள்.