சண்முகநாதன் மறித்த ஊற்று

சண்முகநாதனுக்கு எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று ஆராய வேண்டும். வேலை செய்யச் சொன்னால் மட்டும் இடுப்பு, நாரி எல்லாம் பிடித்துக்கொள்ளும்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு கார்த்திகை மழை விட்டும், அளவெட்டியில் அவருடைய தோட்டத்தில் மட்டும் கணுக்காலளவு வெள்ளம் நின்றது. பக்கத்துத் தோட்டத்துக் கதிரவேலுவோ மண் காய்ந்ததும் கொத்தி, வெங்காயம் நட நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். இவருடைய விதை வெங்காயம் கூரை வளையில் தொங்கியபடியே முளைவிடத் தொடங்கிவிட்டது. அது வீணாய்ப் போனால் அந்த வருடம் வீட்டில் அடுப்பெரியாது. அதைவிட, ஒரே மழை, ஒரே மண், தன் தண்ணீர் மட்டும் ஏன் போகவில்லை என்ற கேள்விதான் அவருக்குச் சோற்றை இறங்கவிடவில்லை.

"ஒழுங்கைக்கு வடியிற மதகு அடைபட்டுப் போச்சோ தெரியேல்லை," என்றார் மனைவி ஞானாம்பிகையிடம்.

"நான் காலமை போய்ப் பாத்திட்டன். மதகு துப்பரவாத்தான் கிடக்கு. அதடியிலை ஒரே முள்ளும் சேறும். நீங்கள் நாரியோட அங்கை போகாதேங்கோ."

என்ன அக்கறை என்று சண்முகநாதனுக்கு மனம் குளிர்ந்தது. மாதக் கணக்காக அந்த நாரியைச் சாட்டித்தான் அவர் பங்கர் வெட்டாமல் தப்பி வந்தார். குண்டு போட வரும் பொம்பர் இரைந்தால் ஊரே பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் பாயும். ஞானாம்பிகையும் கதிரவேலுவின் மனைவி கமலாவதியும் மட்டும் பிள்ளைகளோடு வேலிக்கரையில் குப்புறப் படுப்பார்கள். இரண்டு வீட்டிலும் பங்கர் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்த ஞானாம்பிகை, கொஞ்ச நாளாக அந்தக் கதையையே விட்டிருந்தாள். சண்முகநாதன் அதையும் தன் வெற்றி என்றே எடுத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் அவருக்கு விடை கிடைத்தது.

"இஞ்சை பாரும். வீட்டுப் பக்கத்து மேட்டிலையிருந்து நிலத்துக்குக் கீழாலை ஒரு ஊற்று வருது. அதை மேட்டிலையே மறிச்சுக் கிடங்கு வெட்டினால் தண்ணி அதுக்குள்ளை விழும். தோட்டம் காஞ்சுபோம்."

"உது உங்களுக்கு எப்பிடியப்பா தோன்றினது?"

"மூளை வேணும்."

"எவ்வளவு ஆழம் வெட்டவேணும்?"

"நெஞ்சளவு காணும்."

"ஊற்று அதுக்கும் கீழாலை போனால்?"

யோசித்தார். "தலை மறையத்தான் வெட்டவேணும்."

"நேரை வெட்டினால் ஒரு பக்கத்துத் தண்ணிதானே விழும்?"

"அதுக்குத்தான் முடக்கு வைச்சு, வளைச்சு வெட்டப்போறன்," என்றார், முதலிலிருந்தே அதுதான் திட்டம் என்பதுபோல.

"ஊற்று எப்பிடி வருதெண்டு இறங்கிப் பாக்க எனக்கும் ஆசையாக் கிடக்கு."

"படியும் வைக்கிறன்."

அலவாங்கும் மண்வெட்டியுமாகத் தொடங்கினார். நாரி நோவு போன இடம் தெரியவில்லை. வெட்டுக்கு வெட்டு குனிந்து ஈரம் பார்த்தார், மண்ணை மோந்தார், கல்லைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். ஞானாம்பிகை மோரும் பனாட்டும் தந்து, கடகத்தில் மண்ணை அள்ளிக் கரையில் குவித்தாள். கலியாணம் முடித்த நாள் முதல் அவள் தன்னை இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை என்று அவருக்குப் புல்லரித்தது.

வெட்டி முடித்த மறுநாள் விடிய, தோட்டத்தில் வெள்ளமில்லை.

"பாத்தீரே," என்று துள்ளிக்கொண்டு போய்க் கிடங்குக்குள் எட்டிப் பார்த்தார். அதற்குள்ளும் பொட்டுத் தண்ணீர் இல்லை.

அப்படியானால் தண்ணீர் எங்கே போனது? அந்தக் கேள்வி அவரைச் சும்மா இருக்க விடுமா? வெள்ளவாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மதகடிக்கே போய்விட்டார். அங்கே முள்ளும் இல்லை, சேறும் இல்லை. மிச்ச வெள்ளம் மதகால் வெளியே ஒழுங்கைப் பாதைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கரையில், வைக்கோல் திணித்த சாக்கு ஒன்று நனைந்து ஊதி, மதகின் வாயளவுக்கே உருண்டு கிடந்தது. அது அவருடைய மாட்டுக்கொட்டில் சாக்கு.

கோபத்தோடு திரும்பி வந்தார். ஞானாம்பிகையும் கமலாவதியும் கிடங்கின்மேல் பனங்குற்றி பரவிக்கொண்டிருந்தார்கள். மூத்த மகள் படியால் இறங்கி முடக்குக்குள் குந்தியிருந்து, "அம்மா, இனி வேலிக்கரைக்கு ஓடத் தேவையில்லை," என்றாள். அதைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. வெட்கம்தான் மிஞ்சியது.

"மதகை அடைச்சது நீர்தானே?" என்றார் மனைவியிடம் மெல்ல.

"ஓம். பங்கர் வெட்டுங்கோ எண்டால் நாரி நோகுது. ஊற்றுக்கெண்டால் நோகேல்லையே."

"ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதையும்."

"நான் ஏன் சொல்லுறன்."

அடுத்த மழை பெய்து ஓய்ந்ததும் கதிரவேலு படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"அண்ணை, இப்ப என்ரை தோட்டத்திலையும் வெள்ளம் வடியுதில்லை. எங்கடை மதகு துப்பரவாக் கிடக்கெண்டு கமலாவதி சொல்லுறாள். நீங்கள் ஏதோ ஊற்றை மறிச்சியளாமே?"

சண்முகநாதன் வேலிப் பக்கம் பார்த்தார். கமலாவதி அங்கே முருங்கையிலை ஒடிக்கிறவள்போல் நின்றாள். உண்மையைச் சொன்னால் தன் மானமும் போகும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓம் தம்பி. மேட்டிலை மறிச்சு, தலை மறைய வெட்டவேணும். முடக்கும் வை."

"தனிய ஏலாதண்ணை. எனக்கு முழங்கால் மடங்குதில்லை."

ஞானாம்பிகை மண்வெட்டியைக் கொண்டுவந்து கணவன் கையில் கொடுத்தாள்.

"இவர் வந்து வெட்டித் தருவார், தம்பி. ஊற்று மறிக்கிறதிலை இவரை மிஞ்ச இந்த ஊரிலை ஆளில்லை."