உறை போட்ட செருப்பு

உறை போடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் ஒசாகாவில், பேரங்காடியின் மூன்றாவது மாடியில், அலங்காரச் சீட்டு இயந்திரத்தின் முன்னால் ஞாயிறுதோறும் இவர்களைப் பார்க்கலாம். காசு போட்டால் படம் போட்ட சீட்டு விழும். சட்டைக்கு ஒன்று, பாவாடைக்கு ஒன்று, செருப்புக்கு ஒன்று. மூன்றையும் சொருகினால் திரையில் இருக்கும் பெண் அவற்றை உடுத்திக்கொண்டு ஆடுவாள். இவர்கள் சொருகுவார்கள் என்றா நினைத்தீர்கள்? சேச்சே! விழுந்த சீட்டை ஓரம் பிடித்துத் தூக்கி, ஊதி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கண்ணாடி உறைக்குள் போட்டு, அந்த உறையை இன்னோர் உறைக்குள் போட்டு, ஆல்பத்தில் செருகிப் பெருமூச்சு விட்டு, மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போவார்கள்.

சிகுசா இந்த இனத்தின் மகாராணி. பல் மருத்துவமனையில் வரவேற்பாளர், வயது நாற்பத்து மூன்று. அவள் கோட்டில் ஒரு பட்டன் போய் இரண்டு வருடமாகிறது. சீட்டுப் பெண்ணுக்கு மட்டும் தலை முதல் கால்வரை பொருத்தம் பார்ப்பாள். 'நிலாப் பூ' வரிசையில் சட்டையும் பாவாடையும் கிடைத்துவிட்டன, செருப்பு எட்டு மாதமாகச் சிக்கவில்லை. போன ஞாயிறுதான் அந்த வரிசைக்குக் கடைசி நாள். மறுநாள் இயந்திரத்தில் புது வரிசையை நிரப்பப்போகிற கடை ஊழியன் நான் என்பதால், என்னை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

செருப்பு விழுந்தது. விழுந்தது அவளுக்கு முன்னால் நின்ற ஆறு வயதுச் சிறுமி ஃபூகாவுக்கு. அந்தப் பிசாசு அதைத் தர்பூசணிப் பாவாடையோடு சொருகி ஜம்மென்று ஆடி முடித்தது. சிகுசாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"கண்ணு, அந்தச் செருப்ப எனக்குக் குடுக்கிறியா? இந்த ஆல்பத்துல எது வேணாலும் எடுத்துக்கோ. பத்து எடுத்துக்கோ!"

"வாங்கி என்ன பண்ணுவீங்க, ஆன்ட்டி?"

"உறை போட்டுப் பத்திரமா வெச்சுப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் பத்திரமாதான் இருக்கும்."

"ஐயோ பாவம்! அப்போ சீட்டுப் பொண்ணு நடக்கவே மாட்டாளா?"

சிகுசா ஆல்பத்தை இன்னும் அகலமாக விரித்து நீட்டினாள்.

"இப்பவே ஆடினா தர்றேன். இல்லேன்னா போங்க!"

எங்கள் இயந்திரம் உறையோடு படிக்காது. சிகுசா ஓர் உறையை உருவினாள். இரண்டாவதையும் உருவினாள். சட்டை, பாவாடை, செருப்பு. திரையில் அந்தப் பெண் சுழன்றாள் பாருங்கள்! சிகுசாவும் சுழன்றாள். கோட்டில் இன்னொரு பட்டனும் தெறித்துப் பறந்தது. பாவாடைச் சீட்டில் அவள் கட்டைவிரல் ரேகை பளிச்சென்று பதிந்திருந்தது. "இன்னொரு தடவ!" என்று கத்தினாளே தவிர, அதைத் துடைக்கக்கூட இல்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் பீரோவில், பூச்சி உருண்டைகளுக்கு நடுவே, 'நல்ல நாளைக்கு' என்று மடிப்புக் கலையாமல் கிடக்கிறதே ஒரு பட்டுப்புடவை, அது யாருடையதாம்? ஃபூகாவை உங்கள் வீட்டுப் பக்கம் அனுப்பி வைக்கட்டுமா?