கோடை உழவு, புதன்தோறும் மூன்று மணிக்கு

"சார், இந்தத் தடவை நானும் ஒரு கவிதை வாசிக்கணும்."

லீவு வேண்டுமானால் கேள், மேடை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அமிர்தலிங்கம் சொல்லியிருந்தார். அவருடைய புத்தகக் கடையில் ஆர்த்தி பில் போடலாம், நாற்காலி போடலாம், எந்தக் கவிஞருக்குச் சீனி இல்லாத டீ என்று மனப்பாடம் செய்யலாம். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய் தமிழ் எம்.ஏ. முடித்தது இதற்குத்தான்.

"உன் கவிதையைக் கேக்க யாரும்மா வருவா?"

"இப்ப மட்டும் யாரு சார் வர்றா? ஏழு பேர். ஏழு பேரும் கவிஞர்கள்."

அமிர்தலிங்கத்துக்குச் சுருக்கென்றது. "அம்பது பேரைக் கூட்டிட்டு வா. அன்னிக்கு வாசி."

கடையில் நடந்த அந்தக் கோடைக் கவிதைத் தொடருக்குக் 'கோடை உழவு' என்று பெயர் வைத்தவர் கவிஞர் சேற்றுமைந்தன். தலைமையும் அவரே. அவருக்கு வேலை நாள் மத்தியானம்தான் வசதிப்படும் என்பதால் புதன்கிழமை மூன்று மணி. அவர் கன்னத்தில் கைவைத்து வானத்தைப் பார்க்கும் போட்டோ போட்ட நோட்டீஸை மன்னார்குடியைச் சுற்றியிருந்த டீக்கடை எல்லாவற்றிலும் ஆர்த்தி ஒட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த புதன் அறுபது பேர் வந்துவிட்டார்கள். எல்லார் கையிலும் காகிதம். ஆர்த்தி எட்டிப் பார்த்தாள். அவ்வளவும் நிலத்துச் சிட்டா நகல்கள்.

"சார், இவங்க கவிதைக்கு வரல. கோடை உழவுன்னதும் உழவு மானியம் குடுக்கிற முகாம்னு நெனச்சு வந்திருக்காங்க. சொல்லி அனுப்பிடலாம்."

"வாயை மூடும்மா. டெல்டாவுலயே எவனுக்கும் இப்படி கூட்டம் வந்ததில்ல."

தலைவரிடமாவது சொல்லலாம் என்று போனாள். "ஐயா, அவங்க கையில இருக்கிறது வந்து..."

"பாத்தேம்மா! அத்தனை பேரும் எழுதிட்டே வந்திருக்காங்க!" பளீரென்ற வெள்ளை ஷூவோடு சேற்றுமைந்தன் எழுந்து மைக்கைப் பிடித்தார். "மண்ணின் மைந்தர்களே! ஒவ்வொருவராக வந்து வாசியுங்கள்!"

முன்வரிசையில் இருந்த ஐயாவு என்ற விவசாயி எழுந்தார். ஆர்த்தி ஓடிப்போய் மறித்தாள்.

"அண்ணே, போகாதீங்க. இது வேற."

"ஐயாவே கூப்புடுறாரு, தங்கச்சி. விடு."

மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு மேடையேறி, தலைவர் முகத்தைப் பார்த்தபடி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"பட்டா எண் முந்நூத்திப் பன்னெண்டு. புல எண் நாப்பத்தேழு. உட்பிரிவு மூணு பி. நன்செய். பரப்பு, சைபர் ஹெக்டேர், நாப்பது ஏர். மாரிமுத்து மகன் ஐயாவு."

ஏழு கவிஞர்களும் கைதட்டினார்கள்.

"கேட்டீர்களா!" சேற்றுமைந்தனுக்குக் கண் கலங்கியிருந்தது. "ஒரு வினைச்சொல் உண்டா? சைபர் என்ற வெறுமைக்குப் பக்கத்திலேயே ஏர் என்று உழவனின் கலப்பையைக் கொண்டுவந்து நிறுத்துகிறாரே, இதுவல்லவா நவீனம்!"

நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர், அது வெறும் நில அளவு என்பது மேடையில் இருந்த கவிஞர்களைத் தவிர அங்கே எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. எழுந்து வரிசையில் நின்றார்கள்.

எட்டாவது சிட்டா வாசிக்கப்பட்டபோது மணி நாலு. ஆர்த்தி அமிர்தலிங்கத்தின் காதருகே குனிந்தாள்.

"அறுபது பேர் வந்தாச்சு. என் கவிதை?"

"மண்ணே பேசிட்டிருக்கு, நடுவுல நீ வேறயா? கடைசியில நன்றியுரை சொல்லு, போதும்."

வெயிலில் பஸ் ஏறி வந்தவர்களை ஏமாற்றிவிட்டு, அதற்கு நன்றி வேறு. கவிதையை மடித்துப் பையில் வைத்தாள். மேசைச் சாவியை அவர் முன்னால் வைத்தாள்.

"நாளையிலேருந்து வேற ஆளைப் பாத்துக்குங்க சார். நாற்காலியையும் அவங்களே எடுத்து வைக்கட்டும்."

வாசலில் ஐயாவு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க மானியமெல்லாம் கிடையாது. இது கவிதைக் கூட்டம். நோட்டீஸை ஒட்டி உங்களை ஏமாத்துனது நான்தான். எல்லாரையும் கூப்புடுங்க, விவசாய ஆபீசுக்குப் போவோம். அந்த ஆபீசரை நானே கேக்குறேன்."

ஐயாவு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அங்க போனா பூட்டுதான் தங்கச்சி தொங்கும். ஒங்க நோட்டீஸ்ல போட்டோவைப் பாத்துத்தான் கண்டுபுடிச்சோம். உள்ள தலைமை தாங்குறாரே, அவருதான் எங்க ஆபீசர்."