உண்ணாமலை ஆச்சிக்குப் பார்வை போன சனிக்கிழமை

நான் மதுரையில் வாங்கிய ஒரு வெள்ளைத் திரையால் கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டில் ஆட்சி மாறியது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மறைக்கவும் வழியில்லை. அந்த வட்டாரத்தில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்கு என் மனைவி சொல்லிவிடுவாள்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்துமூன்று வயது. காளையார்கோவில் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இயற்பியல் படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, கோட்டையூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். எந்த நேரமும் பெட்டியைக் கட்டச் சொல்லலாம் என்பதற்கு நாகரிகமான பெயர்தான் தற்காலிகம். வேலையை நிரந்தரமாக்குவது பள்ளிக் கமிட்டியின் கையில் இருந்தது. கமிட்டி உண்ணாமலை ஆச்சியின் கையில் இருந்தது. ஆச்சி கமிட்டியில் உறுப்பினர்கூட இல்லை. (கூட்டம் அவர் வீட்டு முகப்பில் நடக்கும், அவ்வளவுதான்.)

ஆச்சிக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் மலாயாவில் தொழில் செய்து, ஊர் திரும்பிக் காலமானவர். ஒரே மகன் கோயம்புத்தூரில் பஞ்சு வியாபாரம். மருமகள் வள்ளியம்மை கைக்குழந்தையோடு ஆச்சியுடன் இருந்தார். அந்த வீட்டில் எத்தனை அறைகள் என்று எனக்குத் தெரியாது. எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் சாவி ஆச்சியின் இடுப்பில் இருந்தது. அவர் நடந்து வந்தால் முதலில் சாவிச் சத்தம் வரும், பிறகு ஆச்சி வருவார். ஒரு படி உளுந்து வேண்டுமென்றாலும் வள்ளியம்மை கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று ஊரில் பேச்சு.

ஒருநாள் ஆச்சி ஓர் அறையை ஒழித்தபோது, கணவர் மலாயாவிலிருந்து கொண்டுவந்த புரொஜெக்டர் ஒன்று அகப்பட்டது. பிள்ளைகள் பார்க்கட்டும் என்று பள்ளிக்கு அனுப்பிவிட்டார். நான் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மூன்று நாள் போராடி ஓட வைத்தேன். பல்பு எரிந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. திரைதான் இல்லை. அதையும் தானே வாங்கித் தருவதாக ஆச்சி சொல்லியனுப்ப, மதுரைக்குப் போய் நல்லதாகப் பார்த்து வாங்கிவரும் பொறுப்பு எனக்கு வந்தது. பட்டப்படிப்பில் ஒளியியலில் நான் கல்லூரியிலேயே முதல் என்பது தலைமையாசிரியருக்குத் தெரியும். பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். மணி அடிக்கிறவருக்கும் சொல்லியிருந்தேன்.

மதுரைக் கடைக்காரர் வெற்றிலை போட்ட, அவசரமில்லாத மனிதர். திரை வேண்டும் என்றேன். அவர் திரையை எடுக்காமல் கேள்விகளை எடுத்தார். ஹால் நீளமா அகலமா, எத்தனை பேர் உட்காருவார்கள், எங்கெங்கே உட்காருவார்கள், ஜன்னல் எத்தனை என்று கேட்டுக்கொண்டே போனார். பெண் பார்க்க வந்தவனிடம் ரேஷன் கார்டு கேட்டதுபோல் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் இயற்பியல் பட்டதாரி என்பதைத் தெரிவித்து, இருப்பதைக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன்.

இரண்டு திரைகளை விரித்தார். ஒன்று சாதா வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, அழகென்று எதுவும் இல்லாதது. மற்றொன்றில் பொடிப்பொடியாகக் கண்ணாடி மணிகள் பதிந்திருந்தன. அவர் டார்ச் விளக்கை அடித்ததும் அது கல் வைத்த நகை மாதிரி ஜொலித்தது. என் கண் அதைவிட்டு அகலவில்லை.

"இது நேரா உட்காருறவங்களுக்குத்தான் சார். ஓரத்துல இருந்து பார்த்தா மங்கிப்போகும். உங்க ஹால் அகலம்னா சாதாவை எடுத்துட்டுப் போங்க."

ஒளி பிரதிபலிப்பு விதிகளைப் பற்றி அவருக்கு ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஜொலிக்கிற திரையைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். ஓரமாக நகர்ந்து நின்று ஒருமுறை பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் நான்கு அடிதான் நகர்ந்திருக்க வேண்டும்.

எங்கள் பள்ளி ஹால் ஒரு காலத்தில் சரக்குக் கிடங்கு. முன்னும் பின்னும் குறுகல், இடமும் வலமும் ஏராளம். அதில் ஒரே ஒரு மின்விசிறி, வலதுபுறச் சுவரோரம். ஆகவே எந்த விழாவானாலும் பெரிய மனிதர்களின் நாற்காலிகள் அந்தச் சுவரோரம்தான். இந்த ஏற்பாட்டை மாற்ற யாரும் நினைத்ததில்லை. பங்குனியில் மின்விசிறியைவிட்டு விருந்தாளியை நகர்த்துவது எங்கள் ஊரில் மரியாதைக்குறைவு.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. ஜன்னல்களில் ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். நடுவில் தரையில் பிள்ளைகள். பின்னால் புரொஜெக்டரோடு நான், என் பக்கத்தில் தலைமையாசிரியர். மின்விசிறிக்குக் கீழே ஆச்சியும் கமிட்டிச் செயலாளரும். ஆச்சியோடு வந்த வேலைக்காரம்மா முத்தாயி, பெண்பிள்ளைகளோடு நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டார்.

சுகாதாரத் துறையிலிருந்து இலவசமாகக் கிடைத்த படம், கண் பாதுகாப்பைப் பற்றியது. ஓடத் தொடங்கியதும் எனக்கு மெய்சிலிர்த்தது. அப்படி ஒரு தெளிவு, அப்படி ஒரு பளிச்சு. கண்மணி, நரம்பு, கண்ணில் மருந்து விடும் நர்ஸின் வளையல் வரை தெரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் என் தோளைத் தட்டினார். என் வேலை நிரந்தரமாகும் ஓசை என் காதில் கேட்டது.

அதே நேரத்தில், நாற்பது அடி தள்ளி, மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்திருந்த ஆச்சிக்குத் தெரிந்தது சாம்பல் பூசினாற்போல ஒரு மூட்டம். அதற்குள் ஏதோ அசைந்தது. ஆனால் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. "பார்வை மங்கலாகத் தெரிகிறதா? மற்றவர்களுக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியவில்லையா? ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆச்சி பக்கத்திலிருந்த செயலாளரிடம், படம் எப்படி இருக்கிறது என்று மெல்லக் கேட்டிருக்கிறார். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த செயலாளர், பிரமாதம் என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனார். வீட்டுக்குப் போகும் வழியில் ஆச்சி முத்தாயியிடம் கேட்டிருக்கிறார். முத்தாயி, கண்ணுக்குள்ளே ஓடுகிற நரம்பை எண்ணிச் சொல்லுமளவுக்குத் தெரிந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆச்சியின் தாயாருக்குக் கடைசிக் காலத்தில் பார்வை இல்லை. ஆச்சி மேற்கொண்டு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. விழா முடிவில் ஆச்சி என்னிடம் நல்லா இருந்துச்சு என்று மட்டும் சொன்னார். நான் அதைக் கடிதத்தில் எழுதி ஊருக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார். ஆச்சி மதுரைக்கு ஒரு டாக்டரைப் பார்க்கப் போகிறாராம், மகன் ஊரில் இல்லை, இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஆள் ஒருவர் துணைக்கு வேண்டுமாம். என்னைத்தான் கேட்டார்கள் என்றதும் நிரந்தரம் உறுதி என்று முடிவு செய்து, விழாவுக்குப் போட்ட சட்டையையே துவைத்துப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அம்பாசடர் காரின் முன்சீட்டில் நான், பின்னால் ஆச்சியும் முத்தாயியும். திருப்பத்தூர் தாண்டியதும் ஆச்சி முன்னால் சாய்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அந்தப் படத்துல கண்ணு தெரியாமப் போச்சே ஒரு பொம்பளைக்கு, அவுகளுக்கு என்ன வயசிருக்கும்?"

படத்தை ரசித்திருக்கிறார் என்று எனக்கு மகிழ்ச்சி. ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும் ஆச்சி, அந்த வயதில்தான் வரும் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். விழித்திரை எப்படிப் பழுதாகிறது, நரம்பு எப்படிப் பட்டுப்போகிறது, இருட்டில் தெரியாமல் போவதுதான் முதல் அடையாளம், பகலில் தெரிவதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது என்று மேலூர் வரை பாடம் நடத்தினேன். (வகுப்பில்கூட நான் இவ்வளவு நன்றாக நடத்தியதில்லை.) திரும்பிப் பார்த்தபோது ஆச்சி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அசதி போலும் என்று நினைத்துக்கொண்டேன். கார் கண் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

டாக்டர் தமிழிலேயே பேசினார். என் இங்கிலீஷுக்கு வேலை இல்லை. ஆச்சிக்குச் சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். ஆச்சி கடைசி வரி வரை படித்து, அட்டைக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். பிறகு மருந்து விட்டு, விளக்கடித்து, இரண்டு கண்ணையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து தெரியவில்லை என்று டாக்டர் கேட்டார்.

"சனிக்கிழமை மூணு மணியில இருந்து."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சரியா மூணு மணிக்கா?"

"ஆமா. மூணு மணிக்குத்தான் படம் போட்டாக."

படம் முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டார். ஜமுக்காளத்தை எடுத்ததும் எல்லாம் தெரிந்தது என்றார் ஆச்சி. எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டார். மின்விசிறிக்குக் கீழே, சுவரோரமாக என்றார் ஆச்சி. கடைக்காரரின் வெற்றிலை வாய் என் கண்முன் வந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பி, அது என்ன மாதிரித் திரை என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். சாதா வெள்ளை என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் என் வேலையாவது மிஞ்சியிருக்கும். ஆனால் ஆச்சி இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மதிப்பெண்ணுக்குக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக அந்த அம்மாள் என்ன பாடுபட்டிருப்பார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மணி பதித்த திரை என்றும், ஓரத்திலிருந்து பார்த்தால் யாருக்குமே தெரியாது என்றும், ஆச்சியின் கண்ணில் ஒரு குறையும் இல்லை, குறை என் புத்தியில்தான் என்றும் சொன்னேன்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைகழுவ எழுந்து போனார். ஆச்சி, மருந்து விட்டு விரிந்துபோயிருந்த கண்களோடு என்னை நோக்கினார்.

"இப்ப நீங்களும் அந்தத் திரை மாதிரித்தான் தெரியுறீக, தம்பி."

திரும்பும் வழியில் நான் முன்சீட்டில் சிறுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். மேலூருக்கு அப்பால் ஆச்சி ஒரு கேள்வி கேட்டார். கடைக்காரர் இதைச் சொன்னாரா என்று. சொன்னார் என்றேன். அப்புறம், தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல, "முந்தாநாளே சாவிக்கொத்தை வள்ளியம்மைகிட்டக் குடுத்துட்டேனே" என்றார்.

கண் போகப்போகிறது, இனி எதை எங்கே தடவி எடுப்பது என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மருமகளிடம் முறையாகச் சாவியை ஒப்படைத்திருக்கிறார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஆகவே, அதனாலென்ன ஆச்சி, திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்று ஆறுதல் சொன்னேன். பின்சீட்டிலிருந்து முத்தாயிதான் ஒரு பெருமூச்சு விட்டார்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் வள்ளியம்மை ஓடிவந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. கண்ணில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் உண்மையாகவே அழுதுவிட்டார். அதில் பொய் இல்லை. ஆச்சியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து, மோர் கொடுத்தார். ஆச்சி மோரைக் குடித்துவிட்டு, சாவியைப் பார்த்தார்.

வள்ளியம்மை மிக மரியாதையாகச் சொன்னார். "இத்தனை வருசம் சுமந்தது போதும் அயித்தை. சாமிக்கு முன்னால வச்சுக் குடுத்தீக. இனிமே நீங்க கோயில் குளம்னு நிம்மதியாப் போய்ட்டு வாங்க."

சாமிக்கு முன்னால் கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது? ஆச்சி கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் அந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் என் பெயர் வந்தபோது, கதவுக்கு அந்தப்புறம் இருந்து அவர் குரல் வந்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார். பையன் டாக்டர் முன்னால் உண்மையைச் சொன்னான், வேலையைக் கொடுங்கள், கடைக்கு மட்டும் அனுப்பாதீர்கள் என்றாராம். முப்பத்து நான்கு வருட சர்வீஸில் பள்ளி என்னைச் சாக்பீஸ் வாங்கக்கூட அனுப்பியதில்லை.

அதன்பின் படம் போடும்போதெல்லாம் ஆச்சி மின்விசிறியை மறுத்துவிட்டு, நாற்காலியை நட்டநடுவில் போடச் சொல்லிவிடுவார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் கொண்டை நிழலாக விழும். அந்தப் பள்ளியில் படித்த பல ஆண்டுப் பிள்ளைகள் அணைக்கட்டையும் எரிமலையையும் இமயமலையையும் அடிப்பக்கம் ஒரு கொண்டையோடுதான் பார்த்தார்கள். வள்ளியம்மையின் வீட்டிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு ஒரு தூக்குச் சட்டி நிறையப் பலகாரம் வந்தது. என்ன காரணம் என்று கொண்டுவருகிறவர் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன்.

என் வீட்டில் இது வேறு வடிவம் எடுத்திருக்கிறது. புதிதாக எந்தத் திரை வந்தாலும், முதல் டெலிவிஷனிலிருந்து போன மாதம் மகன் வாங்கிய கம்ப்யூட்டர் மானிட்டர் வரை, அதைப் போட்டவுடன் என்னைக் கூப்பிட்டு, சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைப்பார்கள். மனைவி, மகன், மருமகள் மூவரும் நேராக நின்றுகொண்டு, "தெரியுதா?" என்று கேட்பார்கள். தெரிகிறது என்று நான் சொல்ல வேண்டும். போன மாதமும் சொன்னேன். அப்படியானால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று மனைவி அறிவித்தபின்தான் மானிட்டரின் அட்டைப்பெட்டியைக் குப்பையில் போட்டார்கள்.